வயர் இல்லாத கன்ட்ரோலர்

இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் முற்றி, கால்வினின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதுவரை போர்ட் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் இடையே கன்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அவனுடைய அக்கா உர்சுலாவுக்கும் ஆகவில்லை. கிள்ளானில் நான்காவது மாடி ஃப்ளாட் ஒன்றில், அம்மா விட்டுப்போன வீட்டில், அவர்கள் இருவர் மட்டும்தான்.

உர்சுலா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் வேலை பார்த்தாள். விடிவதற்குள் எழுந்து சோறும் குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டு கொமுட்டர் ரயிலைப் பிடிக்க ஓடுவாள். திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இடையில் இருக்கும் பகல் முழுவதும் கால்வினுக்குத் தனிமைதான்.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் ஒன்றைப் பொருத்தி, நடக்கவும் பழக்கி அனுப்பியிருந்தார்கள். நடந்து எங்கே போவது என்று கேட்டுவிட்டு அவன் முதல் சில வாரங்கள் கட்டிலிலேயே கிடந்தான். சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பவனை எப்படி எழுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அவனாகவே, அலமாரி மேல் இருக்கும் பழைய கேம் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னான். பதினெட்டு வயதில் ஷா ஆலாம் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த உர்சுலா, முதல் போனஸில் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அது. தூசி தட்டி டிவியில் மாட்டினார்கள். கொஞ்ச நேரம் கோடு கோடாக ஓடிவிட்டுப் படம் வந்தது. இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றுதான் வேலை செய்தது. அது போதும் என்றான்.

அந்தக் கன்ட்ரோலரின் வயர் நீளம் குறைந்தது. டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் எட்டும். ஆகவே கால்வின் காலையில் எழுந்து, மொட்டைக் காலுக்கு உறை போட்டு, செயற்கைக் காலை மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டே ஹாலுக்கு வர வேண்டியிருந்தது. வந்தான். உர்சுலா வேலை முடிந்து கிரில் கதவைத் திறக்கும்போது அவன் நாற்காலியில் உட்கார்ந்து புட்பால் ஆடிக்கொண்டிருப்பான். சட்டை மாற்றியிருப்பான். சில நாள் சவரம்கூடச் செய்திருப்பான்.

"எத்தனை கோல்டா?" என்பாள்.

"தோத்துட்டேன்லா. இந்த கோல்கீப்பர் அந்தக் காலத்திலேர்ந்தே தூங்குமூஞ்சி."

ரயிலில் நின்றுகொண்டே வரும்போது அவள் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கால்வின் தன் போனை அவள் பக்கம் நீட்டினான். அவன் முழங்கை நீலமாகக் கன்றியிருந்தது. என்ன என்று கேட்டதற்குக் குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னான்.

"அக்கா, இத பாரேன். இந்த கன்ட்ரோலருக்கு கிட் விக்கிறாங்க. உள்ள இருக்கிற போர்ட கழட்டிட்டு இத வெச்சா வயரே வேணாம்."

"வயரு இப்ப என்ன பண்ணுச்சு?"

"ஹால்ல குறுக்கால கிடக்குது. நீ மீன் சட்டியோட வரும்போது ரெண்டு தடவை கால்ல மாட்டுச்சு. நீ விழுந்து கிழுந்து வெச்சேன்னா நம்ம ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?"

ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கித் தரச் சொல்லி அவன் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். அவள் மறு பேச்சுப் பேசாமல் அங்கேயே அவன் கண் முன்னால் ஆர்டர் செய்தாள்.

பார்சல் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். பெட்டிக்குள் பச்சை நிறத்தில் ஒரு சின்ன போர்டு, அதோடு ஒட்டிய தட்டையான பேட்டரி, கேம் பெட்டியில் சொருக வேண்டிய ஒரு ரிசீவர், குட்டி ஸ்க்ரூ டிரைவர். சாலிடர் எதுவும் தேவையில்லை, கழற்றி மாட்டினால் போதும் என்று போட்டிருந்தது. கால்வின்தான் செய்வேன் என்றான். ஆனால் இனிப்புநீர் அவனுடைய விரல் நுனிகளையும் விட்டுவைக்கவில்லை. ஸ்க்ரூ விரலில் இருக்கிறதா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஸ்க்ரூ கீழே விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. உர்சுலா மண்டியிட்டுத் தேடி எடுத்தாள்.

"நான் திருகுறேன். நீ எதுன்னு சொல்லு."

கன்ட்ரோலரின் முதுகைத் திறந்ததும் உள்ளே முப்பது வருட அழுக்கு. பட்டன்களுக்கு அடியிலிருந்த ரப்பர்கள் பிசுபிசுத்தன. ஒரு மூலையில் எறும்பு ஒன்று எப்போதோ செத்து உலர்ந்திருந்தது. உர்சுலா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பழைய போர்டைத் தூக்கியபோது அதோடு வயரும் நீளமாக இழுபட்டு வந்தது.

"மீனு கழுவுற மாதிரியே இருக்குக்கா."

"சும்மா இருலா, எனக்கு சிரிப்பு வந்தா கை ஆடும்."

அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. புதிய போர்டை வைத்து, ரப்பர்களை அடுக்கி, மூடித் திருகினார்கள். வயர் வெளியே வந்த ஓட்டையில் இப்போது சார்ஜ் செய்யும் வாய் தெரிந்தது. பழைய போர்டையும் வயரையும் உர்சுலா தூக்கிப் போடவில்லை. அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தாள்.

கால்வின் சோபாவில் சாய்ந்து பட்டனை அழுத்தினான். திரையில் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் அங்கிருந்து அழுத்திப் பார்த்தான். அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாக அழுத்தினான்.

"இங்கேர்ந்தும் வேலை செய்யுதுக்கா!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

அடுத்த வாரம் அவன் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான். டிவியையும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னான். அவள் இரண்டையும் செய்தாள். கட்டிலில் தலையணையில் சாய்ந்தால் கதவு வழியாகத் திரை முழுதாகத் தெரிந்தது.

பிறகு அவன் ஹாலுக்கு வருவது குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பின் வாரத்தில் ஒருநாள். பின் வரவே இல்லை. ஊன்றுகோலில் தத்திக் கட்டிலையொட்டி இருந்த குளியலறைக்குப் போவான், திரும்புவான், அவ்வளவுதான். உர்சுலா வேலை முடிந்து வரும்போது ஹால் இருட்டாக இருக்கும். டிவி வெளிச்சம் மட்டும் அறைக் கதவில் அடித்துக்கொண்டிருக்கும். செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்து நின்றது. உறையைத் துவைக்க வேண்டியே இருக்கவில்லை.

"கால மாட்டலயா?"

"நாளைக்கு மாட்டுறேன்."

"பிசியோவுக்குப் போகணும்ல?"

"லிப்ட் கெட்டுப்போச்சு."

"லிப்ட்லதான் நான் இப்ப வந்தேன்."

அவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை கோல் என்று அவள் கேட்பதும் நின்றுபோனது.

மாதாந்திரச் சோதனைக்கு அவனைச் சக்கர நாற்காலியில்தான் கொண்டு போனாள். சர்க்கரை அளவு ஏறியிருந்தது. வலது குதிகாலில் ஒரு புண் தொடங்கியிருந்தது. அதைக் கழுவிக் கட்டிய நர்ஸ் மிஸ்ஸி, கால்வினை வெளியே அனுப்பிவிட்டு உர்சுலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவரு படுத்தே கிடந்தா இந்தக் காலும் போயிடும். பாவம் பாவம்னு நீங்க எல்லாத்தையும் கட்டிலுக்கே கொண்டு போய்க் குடுக்குறீங்க. கொஞ்சம் கண்டிப்பா இருங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகள் அவளுக்குள் குத்திக்கொண்டிருந்தன. கட்டிலைத் திருப்பிப் போட்டது யார்? டிவியைச் சாய்த்து வைத்தது யார்? வயர் இருந்த வரைக்கும் அவன் நடந்தான். அதைப் பிடுங்கிப் போட்டது அவள்தானே, தன் கையாலேயே. அம்மாவையும் இப்படித்தான் படுக்கவிட்டுப் பார்த்தாள், அம்மா எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தடவை விடக்கூடாது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் கால்வின் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் கன்ட்ரோலரை அவன் தலைமாட்டிலிருந்து எடுத்தாள். பிஸ்கட் டின்னைத் திறந்தாள். தனியாக உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, புதிய போர்டை எடுத்துவிட்டு, பழையதை வயரோடு உள்ளே வைத்து மூடினாள். எதையும் கீழே போடவில்லை. ரிசீவரைப் பிடுங்கிவிட்டு வயரைச் சொருகினாள். நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டு, கன்ட்ரோலரை அதன் மேல் வைத்தாள்.

அவன் விழித்ததும் தலைமாட்டில் தடவினான். பிறகு கதவு வழியாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"விளையாடணும்னா ஹாலுக்கு வாடா," என்றாள் உர்சுலா. குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றாள். "உன் நல்லதுக்குத்தான்."

"வயரு பழசுக்கா. உள்ள அறுந்திருக்கும்."

"நான் ஆடிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், ஏதாவது ஒன்று வெளியே வந்திருக்கும். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

சில நாள் டிவி அணைந்தே இருந்தது. அவள் தன்னைத் திட்டிக்கொண்டாள், பிறகு மிஸ்ஸி சொன்னதை நினைத்துத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு மாலையில் கிரில்லைத் திறந்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. கால்வின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செயற்கைக் காலை மாட்டியிருந்தான். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது, முகம் வெளிறியிருந்தது. நடக்காமல் இருந்து நடந்தால் வியர்க்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்தாள். கைப்பையை வைத்த சூட்டோடு திரும்பக் கீழே இறங்கி, அவனுக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸைக் கட்டி வாங்கி வந்தாள். இனிப்புநீர்க்காரனுக்கு ஆகாதுதான். ஒருநாள் பரவாயில்லை என்று தோன்றியது. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை கோல்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு அடிச்சேன்."

அதற்கப்புறம் சில நாளில், கிளினிக்கில் கூட்டமாக இருந்த ஒரு காலைவேளையில், போன் வந்தது. அடுத்த வீட்டு வள்ளியம்மா. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உர்சுலா கிரில் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

"உர்சுலாம்மா, பயப்படாத. தம்பி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போறாங்க. நானும் கூடப் போறேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

வாடகைக் காரில் போனால் நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று அவள் ரயிலையே பிடித்தாள். பகல் நேர ரயில் பாதி காலியாக இருந்தது. உட்கார இடம் இருந்தும் அவள் கதவருகே நின்றாள். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. சும்மா தடுக்கி விழுந்திருப்பான், கையில் அடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எமர்ஜென்சி வார்டில் இருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். செயற்கைக் காலை ரொம்ப நாள் போடாமல் இருந்ததில் மொட்டைக் கால் வீங்கியிருக்கிறது, அளவு மாறிவிட்டது, அது செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் சரியாக உட்காரவே இல்லை, அதோடு நடந்தால் யாராக இருந்தாலும் விழுவார்கள் என்றார். ஏன் முதலில் கொண்டு வந்து காட்டவில்லை என்று கேட்டார்.

வெளியே நடைக்கூடத்தில் வள்ளியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அறை வாசல்லயே கிடந்தாருமா. ஹாலுக்குக்கூட வந்து சேரல. நல்லவேளை இந்தத் தடவை போன் சட்டைப் பையில இருந்துச்சு. போன தடவை அதுவும் இல்ல."

"போன தடவையா?"

வள்ளியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் சொன்னாள்.

"மூணு நாலு மாசம் இருக்கும்மா. ஹால்லேர்ந்து ரூமுக்குப் போகும்போது விழுந்துட்டாரு. காலையில விழுந்த மனுஷன் மத்தியானம் வரைக்கும் தரையில கிடந்திருக்காரு. செவுத்துல தட்டித் தட்டி, எனக்கு அது காதுல விழவே நேரமாச்சு. நான் போய்ப் பாத்தப்ப, பாவம், தரையெல்லாம் ஈரம். உடுப்ப மாத்திவிட்டேன். சின்னப் புள்ள மாதிரி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அக்காகிட்ட சொல்லாதீங்க ஆன்டின்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்மா."

உர்சுலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நான்கு மாதம். முழங்கையில் அந்த நீலக் கன்றல். போனை நீட்டி, வயரே வேணாம் என்று சொன்ன அந்தச் சனிக்கிழமை. அவன் சோம்பிப் படுக்கவில்லை. நடக்கப் பயந்து, பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, படுத்த இடத்திலிருந்தே ஆட ஒரு வழி கேட்டிருக்கிறான். அந்த வழியைத்தான் அவள் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவளைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். மருந்து மயக்கத்தில் அவன் கண்கள் பாதி மூடியிருந்தன.

"ஏன்டா சொல்லல?"

அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான்.

"சொன்னா நீ வேலைய விட்டுருவ. அம்மாவுக்காக ஃபேக்டரிய விட்ட. டெங்கில்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளையவும் வேணாம்ன. திரும்ப எனக்காகவும் விட்டுட்டு வீட்ல உக்காந்துருவ. வேணாம்னு நினைச்சேன்."

"நான்தான்டா வயர மாட்டினேன். நான்தான் உன்ன நடக்க வெச்சேன்."

"வயர விடுக்கா. கால் உள்ள சரியா போகலன்னு எனக்கே தெரியும். முத நாளே தெரியும். வலி உயிர் போச்சு."

"அப்புறம் ஏன்டா நடந்த?"

"நீ அன்னிக்கு மீ வாங்கிட்டு வந்த. நான் சாப்புடுறத பாத்து சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்த." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ரொம்ப நாளாச்சு நீ அப்படி உக்காந்து."

உர்சுலா அவனுடைய மரத்துப்போன விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குதிகால் புண்ணும் சர்க்கரையும் சேர்ந்துகொண்டன. ஒரு மாதத்துக்கு மேல் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, இனி நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. சர்ச்சில் வாடகையில்லாமல் கொடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அறைக்குள் நுழையவில்லை. அதனால் ஹாலிலேயே போட்டார்கள். டிவி அவன் காலடியில் இருந்தது.

வந்த முதல் வாரத்தில் உர்சுலா புதிய போர்டைத் திரும்பவும் மாட்டி, ரிசீவரைச் சொருகி, கன்ட்ரோலரை அவன் கையருகே வைத்தாள்.

"ஆடு தம்பி."

"வேணாம்லாக்கா."

"கொஞ்ச நேரம்."

"வேணாம். கண்ணு கூசுது."

மறுபடி கேட்கவில்லை. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை அவள் அதைச் சார்ஜில் போட்டு எடுத்து வைத்தாள்.

விடுப்பு தீர்ந்தது. அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும். வள்ளியம்மாவின் முதுகு அதற்குத் தாங்காது. உர்சுலா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போன் செய்து, இனி வேலைக்கு வர முடியாது என்றாள். டாக்டர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கவுன்டருக்கு ஏற்கெனவே ஒரு பெண் வந்துவிட்டதாகவும், யூனிபார்மை முடிந்தபோது கொடுத்துவிட்டால் போதும் என்றும் சொன்னார்.

அவள் இரண்டு ஜோடி யூனிபார்மையும் துவைத்துக் காயப்போட்டாள். சாயங்காலம் ஹாலில் இஸ்திரி மேசையை விரித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் யாரோ செருப்போடு ஓடினார்கள். கால்வின் கட்டிலில் இருந்தபடி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளினிக் டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான்.

"எப்ப வேணும்னாலும் திரும்பி வரலாம்னாரு. என் இடம் அப்படியே இருக்கும்னாரு."

"அப்படியா?"

"ஆமாலா. நல்ல மனுஷன்."

அவள் காலரை நீவி, கைகளை மடித்து, சட்டையைத் திருப்பிப் போட்டாள். அவன் முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்குவதை உர்சுலா பார்த்தாள். பார்க்காததுபோல் இரண்டாவது சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள்.